டைம் ஆபீஸ் சுவரும் தனலட்சுமி அம்மாவும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் லீவு லெட்டர் எழுதச் சொன்னால், இன்றைக்கும் என் கண் சுவரைத்தான் தேடும். தனலட்சுமி அம்மா தவறிவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலையில் கேட் வாட்ச்மேன் சொன்னபோதும் சுவரைத்தான் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பெங்களூர் பீன்யாவில் எங்கள் பம்ப் கம்பெனியின் டைம் ஆபீஸ் கிளார்க் அவர்; ஆட்களின் வருகை, லீவுக் கணக்கெல்லாம் அவர் கையில். தொண்ணூறுகளில் அங்கே லீவு லெட்டர் ஆங்கிலத்தில்தான் தரவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அட், ஆன், இன் மூன்றும் ஒரே ஜாடைப் பிள்ளைகள். அம்மா யாருக்கும் எழுதித் தரமாட்டார். சுவரில் மூன்று ஆணி அடித்திருந்தார். கடிகாரம், அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'அட்' என்று ஒரு சீட்டு. நாள் கிழிக்கும் காலண்டர், கீழே 'ஆன்'. மாதக் காலண்டர், கீழே 'இன்'. மணியா, தேதியா, மாசமா என்று கேட்டு, குனிந்த தலை நிமிராமல் ஸ்கேலால் காட்டுவார். சீட்டைப் பார்த்து அப்படியே வரைவேன்.

அவரைச் சீண்டாவிட்டால் எனக்கு டீ இறங்காது. ஒரு நாள் அவர் வருமுன், சீட்டுகளைத் தொடாமல் மூன்றையும் ஆணி மாற்றி மாட்டிவைத்தேன். அன்றைக்கென்று மேனேஜர் வந்தார். டெம்பரரி ஆட்களில் எழுதத் தெரிந்தவன் பர்மனென்ட், மற்றவன் மாதக் கடைசியில் கிளம்பலாம் என்றார். பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தங்கை கல்யாணம் என்று லீவு கேட்டு எழுதச் சொல்லி, என்னிடம் தாளை நீட்டினார்.

நிமிர்ந்தேன். 'இன்' மேலே கடிகாரம். 'ஆன்' மேலே மாதம். முன்னே எது எங்கே இருந்தது? மாற்றியவன் நான்தான், எனக்கே நினைவில்லை. ஆறு வருட டெம்பரரி வேலை வியர்வையாக இறங்கியது.

அம்மா எழுந்தார். "சுவரெல்லாம் தூசி சார், ஒரு நிமிஷம்" என்று ஸ்டூலில் ஏறி, மூன்றையும் கழற்றித் துடைத்து, அதனதன் பழைய ஆணியிலேயே மாட்டினார். இறங்கும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "உன் குறும்புக்கு இந்த வயசுல நான் ஸ்டூல் ஏறணுமா முருகேசா?"

எழுதினேன். பர்மனென்ட் ஆனேன். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். தூசி இருந்தது, துடைத்தேன் என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை. எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக்குப் போனேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் அவர் படம். போய் வாருங்கள் அம்மா, இனி தூசியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி மாலையைப் போட்டேன். கண் மங்கியிருந்தது. இறங்கிப் பார்த்தால் மாலை கடிகாரத்தில் இருந்தது. அவர் மகன் ஏறி, அதை எடுத்துப் படத்துக்குப் போட்டார். கடிகாரத்தில் மணி நான்கு இருபது. அதன் கீழே என் கண் 'அட்' சீட்டைத் தேடியது.