பத்தாவது பை

தம்பிக்குக் கொழும்பில் ஒரு கசினோவில் சீட்டுக் கலைத்துப் போடும் வேலை. சீனப் புத்தாண்டுக்கு அந்த வருடத்து மிருகத்தைப் பொறித்து அங்கே ஒரு நினைவுச் சிப், சூதாட்டக் காசு போன்ற வட்ட வில்லை, வெளியிடுவார்கள். அதை வைத்து ஆட முடியாது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளத்தான். வேலை செய்பவர்களுக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும். முதல் வருடம் டிராகன். ஸ்பிரிங்வெளியில் எங்கள் தேயிலைத் தோட்டத் திருவிழாவுக்கு வந்தவன், அதை என் கையில் வைத்தான்.

"பன்னெண்டு வருசத்துக்குப் பன்னெண்டு மிருகம் அக்கா. சேத்து வை."

நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். எதையும் வரிசையாக அடுக்கி வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. பதுளைக்குப் போய்க் கறுப்பு வெல்வெட் வாங்கினேன். "என்ன டீச்சர், நகை செட் எடுத்துட்டீங்களா?" என்று கடை முதலாளி கேலி செய்தார். "ஆமாங்க, கழுத்துல போட முடியாத நகை" என்றேன். சிப் பாதி வெளியே தெரியும்படி பன்னிரண்டு பைகள் வைத்துத் தைத்தேன். சிப்பின் முகத்தில் விரல் படக் கூடாது, விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும் என்று பேஸ்புக்கில் இருந்த சேகரிப்பாளர் குழுவில் படித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு அந்த விதியெல்லாம் செல்லுபடியாகவில்லை. கசினோ என்றால் சூதாடுகிற இடம் என்று தெரிந்த அன்று அவனை வாய் ஓயாமல் திட்டினாள். அடுத்த வருடம் பாம்பு வந்ததும் வெல்வெட்டைச் சாமித்தட்டுக்குக் கீழே ஆணியடித்து மாட்டிவிட்டாள். சேவல் முருகனுக்கு, நாய் பைரவருக்கு, எலி பிள்ளையாருக்கு. பன்றி வந்தபோது என்ன செய்வாள் என்று பார்த்தேன். "வராகம்டி" என்று அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். என் சேகரிப்பு நாசமாய்ப் போனது. எந்தச் சேகரிப்பாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

எலிக்கு அடுத்தது மாடு. "நந்தி வரப்போகுது" என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிவைத்தாள். வந்தது கொரோனா. திருவிழா இல்லை, பஸ் இல்லை, தம்பியும் வரவில்லை. பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் அவன் வரவில்லை. புலியையும் முயலையும் கொழும்பில் வேலை பார்க்கும் பக்கத்து லயத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினான். எப்போது வருவாய் என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"மாட்டைத்தான் தேடிக்கிட்டு இருக்கேம்மா. கெடைச்சதும் நானே கொண்டாறேன்."

அம்மா அதை அப்படியே நம்பினாள். உண்மையைச் சொன்னால் முதலில் நானும் நம்பினேன். அவன் சாக்கை நாமே தீர்த்துவைப்போம், பிறகு எப்படி வராமல் இருக்கிறான் பார்க்கலாம் என்ற கோபத்தில், மாடு யாரிடமாவது இருக்கிறதா என்று குழுவில் கேட்டுப் போட்டேன். கொழும்புச் சிப்புகளையே சேர்க்கும் ஒருவர் மறுநாள் மரியாதையாகப் பதில் எழுதினார். அந்த வருடம் கசினோ மூடிக் கிடந்தது, மாட்டுச் சிப் அடிக்கவே இல்லை. தன்னிடமிருக்கும் முழு வரிசையின் படத்தையும் அனுப்பியிருந்தார். எண்ணிப் பார்த்தேன். அவரிடமும் பதினொன்றுதான்.

அங்கேயே வேலை செய்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? உடனே போன் செய்தேன்.

"அப்படி ஒண்ணு அடிக்கவே இல்லையாமே?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத அக்கா."

ஏன் வரமாட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அவன் வரமாட்டான்.

இந்த வருடத் திருவிழாவன்றும் அம்மா சந்தனம் குழைத்து, முட்டி வலியோடு சாமித்தட்டுக்கு முன்னால் நின்றாள். ஒன்பதுக்குப் பொட்டு வைத்தாள். பத்தாவது பையைத் தூசி தட்டி, வெறும் வெல்வெட்டில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு புலி, முயல்.

"இந்த வருசமாச்சும் மாடு கெடைச்சிருச்சாமா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"தேடிக்கிட்டுத்தான் இருக்கானாம்மா" என்றேன்.