வெயிலில் பார்க்காத வெள்ளை

என் அக்கா புருஷனைப் பட்டறையில் 'மிஷின் கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அடிபட்ட கார்களுக்கு நிறம் கலப்பது அவர் வேலை. கலந்த பெயிண்டை ஒரு அட்டையில் அடிப்பார். காய்ந்ததும் வெயிலுக்கு எடுத்துப்போய் வண்டியின் மேல் வைத்துப் பார்ப்பார். "கறுப்பு இன்னும் ஒரு சொட்டு" என்பார். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் காட்டும் அளவுகளை அவர் ஒருநாளும் மதித்ததில்லை.

அந்தக் கண்ணைக் கெடுத்தவன் நான்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். போதைக் காளான் அகக்கண்ணைத் திறக்கும், கலைஞனை உருவாக்கும், கடவுளைக் காட்டும் என்றெல்லாம் கல்லூரியில் படித்திருந்தேன். நண்பன் ஒருவன் ஒரு பொட்டலம் கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மொட்டைமாடியில் அத்தானும் நானும் தின்றோம். எனக்கு வாந்திதான் வந்தது. அத்தான் தண்ணீர்த்தொட்டியின் சிமெண்டுச் சுவரையே மூன்று மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார்.

"மச்சான், சாம்பல்னு ஒரு கலரே இல்லடா. எல்லாக் கலரும் அதுக்குள்ள இருந்து மூச்சு விடுது. சாமின்னா இதுதான்டா."

ஏதோ நானே படைத்துக் காட்டியதுபோலத் தலையாட்டினேன்.

அதன்பின் அட்டைகளின் பின்பக்கம் படம் வரையத் தொடங்கினார். எல்லாம் சாம்பல். நான் அதைக் கலை என்றேன். அக்கா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரியே இருக்கு. வரைஞ்ச நேரத்துக்கு அதக் கழுவி வச்சிருக்கலாம்."

பட்டறைக்கு வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. கதவு ஒரு நிறம், பக்கத்துத் தகடு ஒரு நிறம்.

"வித்தியாசம் தெரியுதா இல்லையாப்பா?" என்று முதலாளி கேட்டார்.

"தெரியுது முதலாளி. எது நெஜம்னுதான் தெரியல."

"நாளைக்கு ஒரு வெள்ள வண்டி வருது. வெறும் வெள்ள. அதுவும் சேரலன்னா கலருக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

மறுநாள் அக்கா என்னையும் அனுப்பினாள். "கூடப் போய் நில்லு. நீதானே அவருக்குக் கண்ணத் தெறந்து விட்ட தொரை."

வெள்ளையிலும் மஞ்சள் உண்டு, நீலம் உண்டு. அத்தான் பதினோரு அட்டை அடித்தார். ஒன்றைக்கூட வெளியே கொண்டுபோகவில்லை. வெயிலில் நிறம் நெளிகிறதாம், டியூப்லைட்டுக்கு அடியில் சும்மா இருக்கிறதாம். கடைசியில் கதவுக்கே அடித்துக் காயவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என் கண்ண என்னாலயே நம்ப முடியல. நீ படிச்சவன், சொல்லு. சேந்திருக்கா?"

அந்த வெளிச்சத்தில் சேர்ந்துதான் இருந்தது. வெயிலில் தள்ளிப் பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. அவர் தோற்றால் நான் படித்ததெல்லாம் பொய்யாகிவிடும் என்று பயந்தேனோ என்னவோ.

"அச்சு அசலா இருக்கு அத்தான்."

அவர் போய் முதலாளியை அழைத்து வந்தார். முதலாளி வண்டியை வெளியே தள்ளச் சொன்னார். வெயிலில் அந்தக் கதவு மட்டும் காமாலை வந்ததுபோல மஞ்சளடித்தது. அத்தான் கதவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"வெயில்ல பாக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

இப்போது அதே பட்டறையில் பட்டி தேய்க்கிறார். நசுங்கிய தகட்டில் பூசிய மாவை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கும் வேலை. விரலால் தடவிப் பார்த்தால் போதும். நான் போனால் அவர் கை நிற்பதில்லை.

"தள்ளி நில்லு," என்கிறார். "சட்டை அழுக்காயிடும்."