புகைக்குழாய்க்குச் சுற்றிய கல்நார்க் கயிறு

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்க்குக் கயிறு சுற்றலாமா கூடாதா என்பதில், ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைச் சந்தையில் இரண்டு கட்சிகள் இருந்தன. சுற்றினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும் என்றது ஒரு கட்சி. சுற்றாவிட்டால் சூடு வீணாய்ப் போகும் என்றது மற்றது. இரண்டிலும் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் எவரும் இல்லை. வைத்திருந்தவர் சாய்ந்தமருது மீன்காரர் மீராசா. அவருக்கு இதில் அபிப்பிராயம் எதுவும் கிடையாது. மீன் வேகாமல் போய்ச்சேர்ந்தால் போதும்.

போர்க்காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயைச் சுமந்த வண்டி அது. போர் முடிந்ததும் பல கைகள் மாறி, கடைசியில் மீன் சுமக்க வந்து சேர்ந்தது. கரைவலை கரைக்கு ஏறியதும் மீராசா இரண்டு கூடை நிறைய மீன் எடுப்பார். வண்டியின் இருபுறமும் அவற்றைத் தொங்கவிட்டு, சாறனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு தெற்கே பறப்பார். அக்கரைப்பற்றில் மேற்கே திரும்பினால் சாகாமம். சைக்கிள் மீன்காரர்கள் பாதி வழியில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது இவர் விற்று முடித்துவிடுவார்.

ஒரே குறை, புகைக்குழாய் வலது கூடைக்குக் கீழே ஓடியது. சாகாமத்தில் வாடிக்கையாக மீன் வாங்கும் கனகேஸ்வரி முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் காக்கா என்றுதான் அழைப்பார்கள்.

"காக்கா, இந்தப் பக்கம் பச்சை மீன், அந்தப் பக்கம் அவிச்ச மீனா? அவிச்சதுக்கு உப்பும் போட்டுக் கொண்டு வந்தா எங்களுக்கு அடுப்பு மூட்டுற வேலை மிச்சம்."

மீராசா குழாய்க்குச் சாக்கைச் சுற்றினார். அது புகைந்து, ஊருக்குள் அவர் நுழையும்போது சாம்பிராணிச் சட்டி ஊர்வலம் வருவது போலிருந்தது. பிறகுதான் ஆலையடிவேம்பில் சைக்கிள், மோட்டார் எல்லாம் திருத்தும் நல்லரெத்தினத்திடம் போனார். அவன் ஏதோ பழைய நெல் ஆலையின் ஆவிக்குழாயிலிருந்து உரித்தெடுத்த கல்நார்க் கயிறு வைத்திருந்தான். நெருப்பில் போட்டாலும் எரியாது. அதைச் சுற்றுவதற்கு முன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

"சுத்துறதில நன்மையும் இரிக்கு, கெடுதியும் இரிக்கு காக்கா."

"நன்மையச் சொல்லு."

"மீன் அவியாது. சாறன் பொசுங்காது. கால் சுடாது."

"அப்ப சுத்து."

"கெடுதியையும் கேளுங்க. ஒங்கட கூடையில இருந்து வடியிறது உப்புத்தண்ணி. கயிறு அதக் குடிச்சி வெச்சிக்கும். வெளிய நிக்கிற இரும்பு காயும். உள்ளுக்க கிடக்கிறது இத்துப்போகும், நமக்குத் தெரியாது. இடைக்கிடை அவுத்துப் பாக்கணும்."

"அவுக்கிறதுக்கா மனிசன் சுத்துறான்?"

"வீட்டிலயும் இப்பிடித்தான் கதைக்கிறீங்களா? ஸைனம்பு மச்சி பாவம்."

மீராசா அவிழ்த்துப் பார்க்கவில்லை. மீன் வேகவில்லை, கால் சுடவில்லை, சாறன் பொசுங்கவில்லை. நன்மைகள் நாள்தோறும் கண்ணுக்குத் தெரிந்தன. கெடுதி உள்ளே இருந்தது. வருஷங்கள் போயின.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு, ஆலையடிவேம்பு தாண்டும் இடத்தில் வண்டி திடீரென்று மிருகம் போலக் கத்தத் தொடங்கியது. நல்லரெத்தினம் கயிற்றை உரித்தபோது இரும்பும் சேர்ந்து உரிந்து வந்தது. ஓட்டைக்கு ஒரு தகரத்தை வளைத்து இறுக்கினான். புதுக்கயிறு வர ஒரு கிழமை ஆகும் என்றான்.

"அதுவரைக்கும் சும்மா ஓடுங்க. மீன இடப்பக்கம் மட்டும் போடுங்க. காலைப் பார்த்துக்கொள்ளுங்க காக்கா, இப்ப குழாய்க்கு உடுப்பு இல்ல."

அன்று சாகாமத்தில் மீராசா வழக்கம்போல் வண்டியில் இருந்தபடியே மீன் விற்றார். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்பதால் அது ஓடிக்கொண்டே இருந்தது. கூடை ஒருபக்கம் இழுத்ததால் அவர் மறுபக்கம் சாய்ந்து, வலது காலை ஊன்றியிருந்தார். கனகேஸ்வரி ஒரு பாரைக்குட்டியின் செவுளைத் தூக்கிப் பார்த்தவள், மூக்கைச் சுளித்தாள்.

"என்ன காக்கா, மயிர் பொசுங்கிற மணம் வருது?"

மீராசா கூடையைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். கனகேஸ்வரி குனிந்து பார்த்துவிட்டு அலறினாள். அவருடைய கெண்டைக்கால் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் காலை எடுத்தார். தோலில் கொஞ்சம் குழாயிலேயே நின்றது.

"ஒண்டுமில்ல புள்ள," என்றார். "பாரைய எடுக்கிறயா, இல்லையா?"

பெண்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். ஆம்பிளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். மீராசா மீனை விற்று முடித்தார். மிச்சக் காசு சரியாகக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். கூடையின் அடியில் ஒரு கெளிறு கிடந்தது. அதன் முள்ளை ஒடித்து, புண்ணுக்குச் சற்று மேலே, கொஞ்ச நாளாய் வெளிறிக் கிடந்த இடத்தில் குத்தினார். உப்புத்தண்ணி பட்டு வந்த தேமல் என்றே அதை நினைத்திருந்தார். முள் போனது. இரத்தம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. இடது காலில் குத்தினார். அது துள்ளியது.

அது என்ன நோய் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குட்டநோய்க்காரர்களை மட்டக்களப்பு வாவித் தீவில் வைத்திருக்கிறார்கள் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். குட்டநோய்க்காரன் தொட்ட மீனை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதும் தெரியும். பயம் வரும் என்று கொஞ்சநேரம் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரவில்லை. நெல் பொதிப்பருவத்தில் இருந்தது. அவர் வண்டியைக் கிளப்பினார்.

கால் வெந்த செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பொறுமை எண்டா, ஸபூறு எண்டா இவர்ட்டப் படிக்கணும்," என்றார் துணிக்கடை ஜவுபர். "எனக்கு ஒரு தேத்தண்ணிச் சொட்டு பட்டாலே ஊரக் கூட்டிருவன்."

நோகாத ஒரு காலை வைத்துக்கொண்டு, நோவைப் பொறுத்த மனிதர் என்ற பேரை மீராசா ஒரே கிழமையில் சம்பாதித்துவிட்டார். வாழ்க்கையில் உண்மையாகவே எத்தனையோ நோவைப் பொறுத்தவர். அப்போதெல்லாம் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் மனைவி ஸைனம்பு இரவும் பகலும் புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு அவளுடையது. சீதனமாய் வந்த வீடு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறியவர். மீராசா குப்புறப் படுத்திருந்தார். பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"நோகுதா?"

"நோகுதுதான்."

"இப்ப?"

"ஸ்ஸ்... பைய புள்ள."

"நான் இன்னும் தொடவே இல்ல."

அவர் திரும்பவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"மொதல் நாளே தெரியும்," என்றாள் ஸைனம்பு. "துணிய உரிச்சன், இறைச்சியும் சேந்து வந்திச்சி. நீங்க மாட்டுச் சந்தைக் கதை சொல்லிக்கிட்டு கிடந்தீங்க."

"ஆருக்கிட்டயும் கதைச்சயா?"

"எனக்கென்ன விசரா? நாளைக்கு அப்போதிக்கரிட்டப் போவம்."

அப்போதிக்கரி என்றால் கல்முனை அரசாங்க மருந்துச்சாலையில் இருந்தவர். முழு டாக்டர் இல்லை. ஆனால் தீவுக்கு அனுப்புவதற்கு அவர் போதும்.

"நாளைக்கு நல்லரெத்தினத்திட்டப் புதுக்கயிறு வருது," என்றார் மீராசா. "சுத்திட்டா இனிச் சுடாது. சுடாட்டி ஆருக்கும் தெரியாது."

"குழாய் சுடாது. அடுப்பு? கரையில கிடக்கிற கிளிஞ்சல்? முள்ளு? அதுகளுக்கெல்லாம் ஆரு கயிறு சுத்துற?"

"அனுப்பிட்டானுகள் எண்டா?"

"இதுக்கு இப்ப மாத்திரை வந்திரிக்காம். பக்கத்து வளவுச் சபூறாட மூத்த காக்கா அதத் தின்டு வீட்டிலயே இரிக்காரு."

"அனுப்பிட்டானுகள் எண்டா, ஸைனம்பு?"

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஒதுக்கி வைத்தாள்.

"அனுப்பினா போகணும். இது எண்ட வீடு. நீங்க வருமட்டும் இஞ்சதான் இரிக்கும்."

அது ஆறுதலா மிரட்டலா என்று மீராசாவுக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை வண்டியில் மீன் ஏறவில்லை, ஸைனம்பு ஏறினாள். முக்காட்டை இறுக்கி, இரண்டு காலையும் குழாய் இல்லாத பக்கம் போட்டு உட்கார்ந்தாள். சந்தையில் இரண்டு கட்சியும் விவாதத்தை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தன. பெண்பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றியதைப் பற்றிப் புதிதாய் இரண்டு கட்சிகள் அப்போதே பிறந்தன.

"காக்கா, புண்ணுக்கு மருந்து கட்டவா?" என்று ஜவுபர் கடைக்குள்ளிருந்து கத்தினார்.

"ஓம்," என்றார் மீராசா. அது பொய்யில்லை.

மருந்துச்சாலையில் கூட்டம். ஸைனம்புவை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு மீராசாவை உள்ளே அழைத்தார்கள். அப்போதிக்கரி துணியை அவிழ்த்து, புண்ணைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். கை பழக்கத்தில் சீட்டு எழுதத் தொடங்கியது.

"நல்ல ஆழமாச் சுட்டிருக்கு. துடிச்சிருப்பீர்."

மீராசாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: நொந்துதான், பொறுத்துக்கிட்டன். ஒரு கிழமையாய் ஊரெல்லாம் அதைத்தான் சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் களிம்பு கொடுப்பார்கள், மத்தியானத்துக்குள் ஆலையடிவேம்புக்குப் போய்விடலாம். கதவுக்கு வெளியே ஸைனம்புவின் இருமல் கேட்டது.

"இல்ல ஐயா," என்றார். "எனக்குத் தெரியல்ல. மணம் வந்துதான் தெரியும்."

பேனா நின்றது. அப்போதிக்கரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்து, மரியாதை ஏறியிருந்தது. அதுதான் மீராசாவுக்குப் பிடிக்கவில்லை.

கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து, காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தெரிந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மீராசா சும்மா இருந்தார். நெடுநேரம் சும்மா இருந்தார். முழங்காலை நெருங்கும்போது, "ஓம்," என்றார். இன்னொரு பக்கம், "ஓம்." ஒவ்வோர் ஓமுக்கும் அப்போதிக்கரி மைப்பேனாவால் தோலில் ஒரு புள்ளி வைத்து, கடைசியில் புள்ளிகளைக் கோடாய் இணைத்தார்.

கண்ணைத் திறந்து மீராசா குனிந்து பார்த்தார். அவர் எண்ணியிருந்ததைவிட அது பெரிய இடம். பயந்திருந்ததைவிடச் சின்னது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மை ஈரமாய்க் குளிர்ந்தது. அந்தப் பக்கம் அது வெறும் நீலம்.

"வீட்டுக்காரிய உள்ள வரச் சொல்லட்டா?" என்று அப்போதிக்கரி கேட்டார்.

"சொல்லுங்க," என்றார் மீராசா.