பெரட்டுக்களத்தில் கேட்ட அலறல்

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்ட ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தபோது, துரையின் அகராதியில் 'க்ரை' என்ற ஆங்கில வினைச்சொல்லைத் தேடினேன். கூவுதல், அலறுதல் என்று போட்டிருந்தது. அதன் லத்தீன் மூலத்துக்குச் சக குடிமக்களை உதவிக்கு அழைத்தல் என்று பொருளாம்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. வரிசையை விட்டு நகர்ந்தால் அன்றைய கூலி போய்விடும், ஒருவரும் அசையவில்லை.

"போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா, ஐயா?" என்று முன்வரிசையில் நின்றவள் கேட்டாள்.

"பெரட்டு முடியட்டும்" என்றேன், அகராதி படித்த மேதாவி.

இரண்டாவது அலறல் பாதியில் நின்றுபோனது. நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

முன்வரிசைக்காரி சொன்னாள்: "அவதாங்க ஐயா கத்துனது."