ஆடி அமாவாசையும் ஆட்டிறைச்சியும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஓரிடத்திலும் நிலையாக இருந்ததில்லை. கொழும்பில் சாப்பாட்டுக் கடை, கட்டாரில் கட்டட வேலை, சென்னையில் கொஞ்சக் காலம், அங்கிருந்து படகு, படகுக்குப் பிறகு அகதிகளை அடைத்துவைக்கும் முகாம். 2011இல் மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே டண்டினோங்கில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தேன். அறையில் இன்னொருவனும் இருந்தான். முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரன். என்னைவிட வயது குறைந்தவன், அண்ணை என்று கூப்பிடுவான். வெளியே விட்டபோது எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் போட்டார்கள். குளிருக்கு ஹீட்டர் ஒன்றுதான் இருந்தது. ஒரு கிழமை ஏழு நாளும் அவன் கட்டில் பக்கம், அடுத்த கிழமை என் பக்கம் என்று வைத்துக்கொண்டோம்.

அவனுடைய தகப்பனைக் காணவில்லை. வன்னியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சண்டை முடிந்த கிழமையில் சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் அவரைப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். தாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறா. பஸ் போய்விட்டது. யாருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். இவன் அப்போது மலேசியாவில்.

தகப்பன் செத்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பது எங்கள் வழக்கம். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் அதைப் பிடிக்கக்கூடாது. பிடித்தால் அவரைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டதாகிவிடும். என் தகப்பன் நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். எனக்கு அதில் குழப்பம் இல்லை. எந்த நாட்டில் கிடந்தாலும் அன்றைக்கு மச்சம் தொடமாட்டேன், அவ்வளவுதான். மீன், இறைச்சி எல்லாவற்றையும் எங்கள் பக்கத்தில் மச்சம் என்றுதான் சொல்வோம்.

அந்த வருடம் ஆடி பிறந்ததும் கனடாவிலிருந்து அவனுடைய பெரியப்பா போன் எடுத்தார். "ரெண்டு வருசமாப் போச்சுது. இனியும் அந்தாளை அலைய விடாதை. நீ மூத்தவன், விரதத்தைப் பிடி" என்றார். அது எப்படியோ தாயின் காதுக்குப் போய்விட்டது. மனுசி அடுத்த நாளே எடுத்தா. அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அதனால் நானும் கேட்டேன்.

"நீ விரதம் பிடிச்சியெண்டா நான் நெத்திப் பொட்டை அழிக்கோணும். அழிக்கட்டோ? சொல்லு."

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"ஏனம்மா இப்பிடிக் கதைக்கிறியள்?"

"அப்ப அண்டைக்கு மச்சம் சாப்பிடு. சாப்பிட்டிட்டு எனக்குச் சொல்லோணும். சொன்னால்தான் எனக்கு நித்திரை வரும்."

"சரி அம்மா. சாப்பிடுறன்."

முகாமுக்கு ஞாயிறுகளில் எங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார மனுசி இருந்தா. ஓய்வு பெற்ற டீச்சர். நாங்கள் அன்ரி என்போம், அது அவவுக்குப் பிடிக்கும். அவனுடைய அகதி வழக்குக் காகிதங்களை வக்கீலிடம் கொண்டு ஓடித் திரிந்ததும் அவதான். தகப்பன் கதையும் அதில் இருந்தது. எங்களை ஒருநாள் சந்தோசமாக வைத்திருக்க வேண்டும் என்று நினைத்து, ஓக்லியில் ஒரு சுற்றுலாவுக்குக் காசு கட்டிவிட்டா. கிரேக்கர் கடைகள் நிறைந்த இடம் அது. ஒரு கிரேக்கப் பெண் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக நடப்பா. ஒவ்வொரு கடையிலும் ஏதாவது கொஞ்சம் தின்னத் தருவார்கள், அவ கதை சொல்லுவா. காசு கொடுத்து நடந்து திரிந்து சாப்பிடுவதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. சாப்பாடு தேடி நடந்து திரிந்திருக்கிறேன். அது வேறு.

கேரம் டவுன்ஸ் கோயிலில் கொடுத்த கலண்டரைப் பார்த்தபோதுதான் சுற்றுலாவுக்குக் குறித்த சனிக்கிழமையே அமாவாசை என்று தெரிந்தது. எனக்கு மரக்கறி மட்டும் போதும் என்று அன்ரிக்கு அறிவித்தேன், ஏன் என்றும் சொன்னேன். யோசிக்க வேண்டாம், எல்லாம் நான் பார்க்கிறேன் என்றா.

ஓக்லி ஸ்ரேசனில் இறங்கும்போது காற்று காதைக் கடித்தது. அவன் நல்ல உசாரில் இருந்தான்.

"அண்ணை, நீங்கள் புல்லை மேயுங்கோ. உங்கட பங்கையும் சேர்த்து நான் அடிக்கிறன்."

"அடி, அடி. பின்னேரம் கொம்மா ரிப்போட் கேப்பா."

வழிகாட்டும் பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிவப்புச் சால்வை போட்டிருந்தா, தெருவுக்கே கேட்கிற குரல். எங்களோடு இன்னும் ஏழெட்டு வெள்ளைக்காரர் சேர்ந்தார்கள். முதல் கடையில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு: ஒலிவ் காய், உப்பு வெள்ளைச் சீஸ், பாண் ரொட்டி. ஒலிவ் காயைக் கடித்துவிட்டு அவன் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அவ வயிறு குலுங்கச் சிரித்தா.

இரண்டாவது கடையில் நெருப்பில் வாட்டிய பேய்க்கணவாயைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்தார்கள். எட்டுக் காலோடு இருக்குமே, அது. மற்றவர்களுக்கெல்லாம் அது. எனக்கும் அவனுக்கும் மட்டும் தக்காளியில் அவித்த பெரிய வெள்ளை அவரைக்கொட்டை. ஆள் மாறி வைத்துவிட்டார்கள் என்று அவன் நினைத்தான். பேசாமல் சாப்பிட்டான். மூன்றாவது கடையில் அவர்களுக்குச் சொசேஜ் வந்தது. எங்களுக்குக் கீரையை உள்ளே வைத்துச் சுட்ட மாப்பண்டம்.

"இதென்ன அண்ணை, எனக்கும் பத்தியச் சாப்பாடோ?"

"அன்ரி ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிப்போட்டா போல."

"கேளுங்கோவன்."

"நீ கேள். உன்ர வாய்க்கு என்ன?"

"காசு கட்டினவ அவ. எனக்கு இறைச்சி தாங்கோ எண்டு என்னெண்டு அண்ணை கேக்கிறது?"

அவன் சொன்னது சரிதான். விருந்துக்குப் போன இடத்தில் வைத்ததைத்தான் சாப்பிடுவோம். இறைச்சி கேட்டு வாங்குவது எங்களுக்கு வெட்கக்கேடு. அடுத்த கடையில் பார்ப்போம் என்றேன். அவன் கீரையை மென்றுகொண்டு பக்கத்தில் நின்ற ஒரு கிழவரின் தட்டையே பார்த்தான். அவர் சொசேஜைப் பாதியில் வைத்துவிட்டுக் குப்பையில் போட்டார்.

அடுத்தது கேக் கடை. தேனில் ஊறிய பணியாரம் மாதிரி ஒன்றைச் சுடச்சுடத் தந்தார்கள். மேசையின் ஒரு மூலையில் பெரிய தட்டம் ஒன்று மூடாமல் இருந்தது. மேலே வெள்ளைச் சீனித்தூள் தடவி, பாதாம் பருப்பால் சிலுவை போட்டிருந்தார்கள். கலியாண வீட்டுக்கோ என்று யாரோ கேட்டார்கள். அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினா. உள்ளே இருப்பது அவித்த கோதுமை, செத்தவர்களுக்காகச் செய்வது, யாரோ ஓர்டர் கொடுத்திருக்கிறார்கள், நாளைக்குக் கோயிலில் வைத்துப் பூசை செய்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றா. அதைச் சொல்லும்போது குரலைத் தணித்துக்கொண்டா.

அன்ரி அப்போதுதான் அவன் கையைப் பிடித்தா. இன்றைக்கு உங்கள் ஆட்களுக்கும் அப்படி ஒரு நாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் உனக்கும் இறைச்சி வைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன் என்றா. பிறகு, "உன் அப்பாவுக்காக நான் மிகவும் வருந்துகிறேன்" என்றா. மனுசியின் கண் கலங்கிவிட்டது. மனதிலிருந்து சொன்ன சொல். ஆனால் கடைக்குள் எல்லாருக்கும் கேட்டது. தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். ஒரு பெண்பிள்ளை வந்து அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"இல்லை," என்றான் அவன். "அப்பா இருக்கிறார். மை ஃபாதர் லிவிங்."

அன்ரி என்னைப் பார்த்தா. நான் தேன் பிசுக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். தெருவில் இறங்கியதும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினேன். ஆளைக் காணவில்லை, செத்ததாக யாரும் சொல்லவில்லை, இன்றைக்கு இவன் இறைச்சி சாப்பிட்டால்தான் தாய்க்கு அவர் இருக்கிற மாதிரி என்றேன். அன்ரி கையால் வாயைப் பொத்திக்கொண்டா. ஸொரி ஸொரி என்று அவனிடம் எத்தனை தரம் சொன்னா என்று கணக்கில்லை. அவன் பரவாயில்லை அன்ரி என்று அவவைத் தேற்றிக்கொண்டு வந்தான்.

வழிகாட்டும் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தா. ஒரு கடைவாசலில் நின்று எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னா. அவவுடைய தாயின் தம்பி கப்பலில் போனவர், திரும்பவில்லை. தாய் ஒருநாளும் அவருக்குக் கோதுமை அவிக்கவில்லை, மற்றவர்கள் அவிக்கவும் விடவில்லை. ஈஸ்டருக்கு வீட்டு ஆட்களுக்கு வைப்பதுபோல அவருக்கென்றும் ஒரு சிவப்பு முட்டை எடுத்து வைப்பாவாம்.

"பிறகு?" என்று கேட்டான் அவன்.

"அம்மா செத்த பிறகு நான்தான் அவித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே தட்டில்."



கடைசிக் கடையில் கரி நெருப்பு. ஆட்டிறைச்சியைக் கம்பியில் கோர்த்துச் சுட்டார்கள். கொழுப்பு உருகி நெருப்பில் விழுந்து தெரு முழுக்க மணத்தது. அந்தப் பெண் தானே உள்ளே போய், ரொட்டியில் சுற்றிய இறைச்சியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தா. பெரிய பங்கு. எல்லாரும் தங்கள் சாப்பாட்டைப் பார்க்கிற சாக்கில் அவனைப் பார்த்தார்கள். அவன் வாய் வரைக்கும் கொண்டுபோனான். அப்படியே வைத்திருந்தான். பிறகு இறக்கினான்.

"சாப்பிடன்ரா," என்றேன் மெதுவாக. "கொம்மா காத்துக்கொண்டிருப்பா."

"முடியேல்லை, அண்ணை. இவ்வளவு சனமும் அப்பாவுக்குத் துக்கப்பட்டுப்போட்டுது. எங்கட ஊரில கூட இன்னும் ஒருத்தரும் துக்கப்படேல்லை."

வயிறு நிறைந்துவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சுற்றி வாங்கிக்கொண்டான். அன்ரி எங்களை ஸ்ரேசன் வரைக்கும் கொண்டுவந்து விட்டா.

பிளாட்ஃபோர்மில் நிற்கும்போது தாய் எடுத்தா. ரயில் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா."

"என்ன?"

"ஆட்டிறைச்சி. நெருப்பில சுட்டது."

"வடிவாச் சாப்பிட்டியோ?"

"வயிறு முட்ட."

மனுசி பெருமூச்சு விட்டது எனக்கும் கேட்டது. "அப்பாவுக்கும் ஆட்டிறைச்சியெண்டா வேற ஒண்டும் வேண்டாம்" என்றா.

"நீங்கள் என்னம்மா சமைச்சனீங்கள்?"

போன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவன் திரையைப் பார்த்தான்.

"மீன்காரன் வரேல்லை, ராசா. பருப்பும் வாழைக்காயும் வைச்சனான்."

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீடுகளில் வாழைக்காய்தான் கறி. அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

"அம்மா," என்றான்.

"சரி, வைக்கிறன். குளிருக்கை நில்லாதை."

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். பொட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்து ரயில் ஒன்று வந்து போனது.

"மீன் சந்தை எங்கட வீட்டுக்குப் பக்கத்தில, அண்ணை" என்றான். "எழும்பி நாலு அடி நடந்தாச் சரி."

குளிருது, உள்ளே போய் இரு என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொதியைப் பிரிஜ்ஜில் வைத்தான். அன்றைக்கு வேறொன்றும் சாப்பிடவில்லை. ஹீட்டர் அந்தக் கிழமை என் பக்கம். அவன் பக்கம் திருப்பிவிட்டேன், அவன் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் விடிய நான் எழும்பியபோது குசினியில் சட்டிச் சத்தம் கேட்டது. அமாவாசை போய்விட்டிருந்தது. அவன் இறைச்சியை எண்ணெயில் போட்டுச் சுடவைத்து, நின்றபடியே தின்றுகொண்டிருந்தான். ஆறிக் காய்ந்த இறைச்சி. இழுத்து இழுத்து மென்றான். ரொட்டி ஊறிப் பிய்ந்துபோயிருந்தது, அதையும் விடவில்லை.

"காலமை வெறு வயித்திலையோ?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டனெண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டன் அல்லோ, அண்ணை" என்றான். வாயில் இருந்ததை விழுங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.