நாலு பப்பும் ஒரு சாட்சியும்

எங்கட மனுசன் பேர்னாட் தனிய ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். பேச்சுத் துணைக்கு ஆள் வேணும். அப்பிடிப்பட்ட மனுசன் போன சனிக்கிழமை பட்டப்பகலில அபொட்ஸ்ஃபோர்டில நாலு பப் தனிய ஏறி இறங்கினவர். வெட்கக்கேடு என்னெண்டால், அதுக்குச் சேட் அயன் பண்ணிக் குடுத்ததே நான்தான்.

அவர் மன்னார்ப் பேசாலை ஆள். மெல்பனுக்கு வந்து இருபத்திரண்டு வருசம். ட்ருகனினாவில ஒரு வெயார்ஹவுசில ஃபோர்க்லிஃப்ட் ஓடுறார். பகல் முழுக்கப் பியர்ப் பெட்டி அடுக்கிறது, சனி ஞாயிறில ஆரோ ஒருத்தற்ற வீட்டுக் கார்க் கராச்சில அதே பியரைக் குடிக்கிறது. வெறும் பியர்க் கானைத் திருப்பிக் குடுத்தால் பத்துச் சதம் வரும் எண்டு மற்றவை குடிச்சுப்போட்டு எறிஞ்சதையும் பையில பொறுக்கிக்கொண்டு வருவார். எனக்கு மானம் போகும்.

எங்கட பேர்த்டே வீடுகளில பொம்பிளையள் ஹோலில, ஆம்பிளையள் கராச்சில. அங்க எவ்வளவு குடிச்சாலும் அது குடி இல்லை, சந்தோசம். இவரும் நல்லாச் சந்தோசமாத்தான் இருந்தவர், டொக்டர் ஸ்கானைப் பாத்துப்போட்டு "ஈரல் இறுகத் தொடங்கிட்டுது, இனி ஒரு துளியும் தொடக்கூடாது" எண்டு சொல்லுமட்டும். அண்டைக்கே நிப்பாட்டினவர். அந்த விசயத்தில மனுசனைக் குறை சொல்லமாட்டன்.

ஆனால் அந்த நேரம் பாத்து எங்கட மகள் நிஷானிக்குச் சம்பந்தம் பேசுப்படுது. பெடியன் டிலுக்சன், சிட்னியில நார்த்மீட். ரண்டு பேருக்கும் விருப்பம். தாய் லிண்டா வாற ஞாயிறு வந்து நாள் குறிக்கிறதாய்ச் சொல்லியிருந்தவ. நான்தான் சொன்னனான்: "வாயைத் திறக்காதேங்கோ. வருத்தக்காறக் குடும்பம் எண்டு பேர் விழுந்தால் பிள்ளையின்ர காரியம் கெட்டுப்போம். நிஷானிக்கும் சொல்லவேண்டாம்." மனுசன் ஓம் எண்டு தலையாட்டினவர்.

பிறகு ரஞ்சினி வீட்டுப் பேர்த்டேயில, கராச்சில நீட்டின கிளாசை இவர் வேண்டாம் எண்டுட்டார். மூண்டு நாளில எனக்கு நாலு ஃபோன். "என்னக்கா, அண்ணைக்கு ஈரலோ?" பாருங்கோ, எங்கட சனத்தில குடிக்கிறவனை ஒருத்தரும் கேக்கமாட்டினம். நிப்பாட்டினவனைத்தான் கேப்பினம். அதுக்குமேல, இவரோட கராச்சில குடிக்கிற, லிண்டாவுக்கும் தெரிஞ்ச அந்தோணிக்கு லிண்டாவே ஃபோன் எடுத்து, "பேர்னாட் குடிக்கிறவரோ?" எண்டு விசாரிச்சவவாம். நிப்பாட்டின கதை சிட்னிக்கும் போட்டுது எண்டுதான் நான் நினைச்சன்.

இந்த அந்தோணி, சனிக்கிழமையில அபொட்ஸ்ஃபோர்டில ஒரு பப்பில சமைக்கிறவன். அவன்ர காதில போட்டால் றேடியோவில போட்ட மாதிரி. "இஞ்சேரும், நான் குடிக்கிறதை அந்தோணி ஒருக்காக் கண்டால் காணும்" எண்டார் இவர். "வெறி இல்லாத ஸீரோ பியர் வாங்கிக் கிளாசில ஊத்திக்கொண்டு இருப்பன். ஆருக்குத் தெரியப்போகுது?" எனக்கும் அது பெரிய மூளையாத்தான் தெரிஞ்சுது. ஒரு கரைச்சல், எந்தப் பப் எண்டு தெரியாது. அபொட்ஸ்ஃபோர்ட் பியர் காய்ச்சுற பழைய இடம், மூலைக்கு மூலை பப். கேட்டால் குட்டு வெளிப்பட்டிடும்.

முதல் பப்பில ரோட்டைப் பாத்து யன்னலோரம் இருந்திருக்கிறார். ஒரு தமிழ்ச்சனம் இல்லை. முந்தி போத்தில் கடையால ஒளிச்சு வரேக்க எத்தினை தமிழர் எதிர்ப்பட்டவை! ரண்டாவதில ஒரு வெள்ளைக் கிழவன் பக்கத்தில வந்திருந்து தன்ர டிவோர்ஸ் கதையை ஒண்டரை மணித்தியாலம் சொல்லியிருக்கிறான். மூண்டாவதில குசினிக்குள்ள கறுத்தத் தலை தெரிய, இவர் கிளாசைத் தூக்கிக்கொண்டு எழும்ப, அது நேபாளப் பெடியன். எனக்கு ஃபோனில சொன்னார்: "பேர்ள், வயிறு ஊதிப்போச்சு." "பிள்ளைக்காக இன்னும் ஒண்டு பாருங்கோ" எண்டன், பாவி நான்.

நாலாவதின்ர பின்பக்கம், ஏப்ரனோட குப்பை கொட்டிக்கொண்டு நிண்டானாம் அந்தோணி. இவர் கிளாசை உயத்தி, "அந்தோணி! சியேர்ஸ்!" எண்டிருக்கிறார். அவன் முகம் கறுத்து, விறுக்கெண்டு உள்ள போட்டானாம். இவருக்குச் சந்தோசம் தாங்கேல்லை.

இவர் ட்ரெயின் ஏறமுன்னமே எனக்கு லிண்டாவின்ர ஃபோன். அழுகையோ கோவமோ தெரியேல்லை.

"பேர்ள் அக்கா, ஈரல் வருத்தக்காறனைத் தனியக் குடிக்க விட்டுட்டு என்ன செய்யிறியள்?"

"ஈரலோ? ஆர் சொன்னது?"

"நிஷானிதான். சம்பந்தம் பேசத் தொடங்கின அண்டைக்கே சொல்லிப்போட்டாள். எங்கட அவரும் அதிலதான் போனவர், அக்கா. மறைச்சு மறைச்சுக் குடிச்சுத்தான் போனவர். அதுதான் பயத்தில அந்தோணியைக் கேட்டனான். தொடுறேல்லை எண்டு அவன் சொன்னோடன மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினன். என்ர பிள்ளை ஒரு தகப்பனைப் பறிகுடுத்திட்டான். இன்னொருத்தரையும் அப்பிடிப் பறிகுடுக்க அவனால ஏலாது."

நிஷானிக்கு எப்பிடித் தெரியும்? பிறகுதான் உறைச்சுது. இந்த நாட்டில எந்த ஃபோம் நிரப்பினாலும் இங்கிலிஷ் கதைக்க ஆள் வேணும் எண்டு பிள்ளையின்ர நம்பரைத்தானே குடுக்கிறம்! ஸ்கான், ரத்தப் பரிசோதனை, எல்லா மெசேஜும் அவளுக்குத்தான் போயிருக்கு. நாங்கள் அவளுக்கு மறைக்கிறம் எண்டு அவள் எங்களுக்கு மறைச்சிருக்கிறாள்.

மனுசன் கதவைத் திறந்து, "கண்டிட்டான், பேர்ள்! காரியம் முடிஞ்சுது" எண்டார். நான் விசயத்தைச் சொன்னன். அப்பிடியே கதிரையில இருந்திட்டார். அறைக்குள்ளயிருந்து நிஷானி ஃபோனோட வந்தாள். வீடியோவில லிண்டா.

"ஸீரோ தான் பிள்ளை, சத்தியமா" எண்டார் இவர்.

"குடிக்கிற எல்லாரும் சத்தியம் பண்ணுறவைதான்" எண்டா லிண்டா.

இவர் பையைத் திறந்து நாலு வெறுங்கானை மேசையில வைச்சார். நாலிலயும் பெரிசா ஸீரோ எண்டு கிடந்துது. பத்துச் சதப் புத்தி எண்டு நான் பேசாத பேச்சில்லை, அண்டைக்கு அந்தப் புத்திதான் மனுசன்ர மானத்தைக் காப்பாத்திச்சுது. அப்பவும் நிஷானி நம்பேல்லை. கிட்டப் போய், "வாயை ஊதுங்கோ, அப்பா" எண்டாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஊதினார். அவள் மணந்து பாத்து, "ஒண்டுமில்லை, அன்ரி" எண்டுபோட்டு, அவற்றை தோளில முகத்தை வைச்சு அழத்தொடங்கினாள். "ஏன் அப்பா எனக்குச் சொல்லேல்லை?"

அவர் என்னைப் பாத்தார். காட்டிக்குடுக்கேல்லை. நான்தான், "நான் சொல்லவேண்டாம் எண்டனான், பிள்ளை" எண்டன்.

லிண்டா மூக்கைச் சிந்திப்போட்டுச் சொன்னா: "சரி, ஞாயிறு வாறம். மேசையில போத்தில் வைக்கவேண்டாம், அக்கா. ரண்டு வீட்டுக்கும் இருக்கிறது இப்ப ஒரு தகப்பன்தான்."