சும்மாட்டுத் துணியில் எழும்பிய மலைகள்

வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவனிடம் மலை எப்படி உண்டாகிறது என்று யாரும் கேட்பதில்லை. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, எங்களுக்கு மீன் கொண்டுவரும் பெண் கேட்டாள். பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்துக்காரி. கடலுக்கடியில் மலை வளர்ந்துதான் அலை வந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கல்லூரியில் நிலவியல் படித்தவன் நான். பட்டா மாற்றுவதில் அது ஒருநாளும் உதவவில்லை. மீன்கூடைக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கும் அவளுடைய சும்மாட்டுத் துணியை வாசலில் விரித்தேன். பூமியின் மேலோடு துண்டு துண்டான தட்டுகள். இரண்டு மோதினால், துணியை இருபுறமிருந்தும் தள்ளியதுபோல், நடுவில் மடிப்பு எழும்பும், அது இமயமலை. இழுத்துப் பிளந்தால் நடுத்துண்டு இறங்கும், ஓரங்கள் மலையாக நிற்கும். ஒன்று மற்றதன் அடியில் நுழைந்தால் ஆழத்தில் பாறை உருகி மேலே வரும். சுமத்ராவின் எரிமலைகள் அப்படி வந்தவை. அங்கேதான் சிக்கிக் கிடந்த மேல்தட்டு விடுபட்டுத் துள்ளிக் கடலைத் தூக்கியது.

"பக்கத்துல சும்மா ஒரசிக்கினு போனா?"

மலையும் வராது, கடலும் அவ்வளவாகத் தூக்காது என்றேன்.

சுனாமி அன்று அவள் கணவன் ஆழ்கடலில் இருந்தானாம். அங்கே அலை தெரியவே இல்லை. கரைக்கு வந்துதான் வீடு போனதைப் பார்த்தான். ஆழத்தில் தாழ்ந்து ஓடும் அலை கரையில்தான் உயரும் என்றேன்.

2012 ஏப்ரலில் மறுபடி சுமத்ரா அதிர்ந்தது. தொலைக்காட்சியில் எச்சரிக்கை ஓடும்போதே அவளிடமிருந்து போன்.

"சார், தள்ளுச்சா, ஒரசுச்சா?"

யாருக்கும் தெரியவில்லை. மேட்டுக்குப் போ என்பதுதான் விதி. அதைச் சொன்னேன். கடலில் இருந்த கணவன் அவளைக் காப்பாற்றப் படகைக் கரைப்பக்கம் திருப்பிவிட்டானாம். கரைதான் ஆபத்து, ஆழத்திலேயே நிற்கட்டும் என்றேன்.

"நான் இங்க குப்பத்துல இருக்கிற வரைக்கும் வரத்தான் பார்ப்பாரு சார்."

"அப்ப நீ இங்க வந்துடும்மா."

ஆட்டோ பிடித்துச் சிதம்பரம் வந்து, என் வாசலில் நின்று அவனை அழைத்தாள். "சார் வூட்ல நிக்கிறேன். கரைக்கு வராத." அவன் நம்பவில்லை, பொய் சொல்கிறாள் என்றான். போனை என்னிடம் நீட்டினாள். விசாரணை, முத்திரை, கட்டணம் எதுவுமின்றி, அவள் என் வாசலில்தான் நிற்கிறாள் என்று ஓர் இருப்பிடச் சான்று வழங்கினேன். படகு ஆழத்துக்குத் திரும்பியது.

எச்சரிக்கையை விலக்கிக்கொண்ட பிறகு, இம்முறை தட்டுகள் பக்கவாட்டில் உரசினவென்று சொன்னார்கள். அவளிடம் சொன்னேன்.

"அது கெடக்கட்டும் சார்," என்று மறுபடி போனை எடுத்தாள். "இப்ப வரலாம்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."